‘அனுப்பு’ பொத்தான்

அலுவலகத்தில் அவனுக்குப் பூட்டு என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. அவன் காதில் விழாத தூரத்தில் சொன்னதும் இல்லை. "பூட்டு வருது" என்று ஒரு குரல் எழும். நாலைந்து திரைகளில் சீட்டாட்டம் மறைந்து விலைப்பட்டியல் வந்து நிற்கும். அவன் எதையும் பார்க்காதவன் போல நடந்து போவான்.

மருத்துவமனைகளுக்குப் பொருள் அனுப்பும் நிறுவனம் அது. கையுறை, ஊசி, குளுக்கோஸ் பாட்டில், டயாலிசிஸ் வடிகட்டி. கீழே கிடங்கு, மேலே அலுவலகம். கிடங்கின் குளிர் படிக்கட்டு வழியாக ஏறி வந்து மேசைகளுக்கு அடியில் படுத்துக்கொள்ளும். எல்லோரும் காலை மடக்கி உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். அங்கிருந்த கணினிகளைக் கவனித்துக்கொள்வது அவன் பொறுப்பு.

புது மேலாளர் வந்த பிறகுதான் அவனுக்கு அந்தப் பெயர் வந்தது. தணிக்கைக்கு வந்தவர்கள், இங்கே எல்லோராலும் எல்லாவற்றையும் தொட முடிகிறது என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். மேலாளர் அவனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"யாருக்கு என்ன வேலையோ, அது மட்டும் திரையில இருந்தா போதும். மத்தது எல்லாத்தையும் எடுத்துடுங்க. ஒரு வீட்டுல எல்லா ரூம் சாவியும் எல்லார் இடுப்புலயுமா தொங்கும்?"

அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஒண்ணு மட்டும்," என்றார் மேலாளர். "என்ன எடுக்கப் போறீங்களோ, அதை அவங்ககிட்ட நேர்ல சொல்லிட்டு எடுங்க. சொல்லாம எடுத்தா அது திருட்டு."

அவன் சொல்லிவிட்டுத்தான் எடுத்தான். முதலில் விளையாட்டுகள் போயின. பிறகு கண்ட்ரோல் பேனல். பிறகு கடிகாரத்தைத் திருத்தும் வசதி. தாமதமாக வரும் ஒருவர் அதை வைத்துத்தான் பிழைப்பு நடத்திக்கொண்டிருந்தார். பிறகு ரைட் கிளிக். டீ குடிக்கப் போகும் நேரத்தில் எடுப்பான். அவர்கள் திரும்பி வந்து மவுஸைத் தொடும்போது அவன் அந்தப் பக்கம் இருக்கமாட்டான். முன்கூட்டியே சொல்லியிருந்தாலும், இல்லாத படியில் கால் வைத்தவர்கள் போல ஒரு கணம் அவர்கள் முகம் மாறும். அதைப் பார்ப்பது அவனுக்குப் பிடிக்காது.

கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா ஒருநாள் அவனை வழியில் மடக்கினார்.

"ஏம்ப்பா, வலது பக்கம் அமுக்கினா ஒண்ணுமே வரலியே."

"அதான் சொன்னேனேக்கா."

"சொன்ன. ஆனா பல்லு புடுங்கின எடத்துக்கு நாக்கு போற மாதிரி விரல் அங்கயே போகுது."

"கொஞ்ச நாள்ல பழகிடும்."

"பல்லு புடுங்கின டாக்டரும் இதைத்தான் சொன்னாரு," என்றார் அக்கா. "இன்னும் பழகல."

மூலையில், சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் அவனுடைய மச்சான். மனைவியின் அண்ணன். மருத்துவமனைகள் கேட்கும் சரக்கை ஏற்றிவிடுவது அவர் வேலை. அவர் மெனுவில் ‘அனுப்பு’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் கீழே கிடங்கில் சீட்டு அச்சாகும். சீட்டைப் பார்த்து வண்டியில் ஏற்றுவார்கள். மருத்துவமனையிலிருந்து யாராவது போனில் கத்தினால் மச்சான் குரலை உயர்த்தமாட்டார். பொத்தானை அழுத்துவார். "போயாச்சு" என்பார். அந்தப் பக்கம் கத்தல் நின்றுவிடும். அலுவலகத்தில் அவருக்குப் போயாச்சு என்றே பெயர் விழுந்தது. அவர் போயாச்சு என்று சொல்லிவிட்டால் பொருள் வந்து இறங்கிவிட்டது என்றே எல்லா மருத்துவமனையிலும் எடுத்துக்கொண்டார்கள்.

அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். கல்யாணமான புதிதில் அவன் வேலையில்லாமல் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பழைய முதலாளியிடம் போய் நின்றார். அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. ஒரு தடவையாவது சொல்லிக்காட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

மச்சானுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான். அவருடைய அப்பா மறதியில் போனவர். முதலில் சாவியை மறந்தார், பிறகு வீட்டுக்கு வரும் வழியை. கடைசியில் சோறு ஊட்டிக்கொண்டிருந்த மகனைப் பார்த்து, "தம்பி எந்தப் பக்கம்?" என்று மரியாதையாகக் கேட்டார். அந்தக் கேள்வி மச்சானின் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. மதியம் சாப்பிட உட்கார்ந்தால், "கேளுங்க மாப்ள" என்பார். அவன் ஏதாவது ஒரு பொருளின் பெயரைச் சொல்வான்.

"சின்ன அளவு கையுறை, பவுடர் போடாதது."

மச்சான் அதன் எண்ணைச் சொல்வார். அவன் தலையாட்டுவான்.

"இன்னைக்குத் தேறிட்டேன்," என்று சொல்லிவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பார்.

மனைவி போய்ச் சேர்ந்தபின் மச்சான் தனியாக இருந்தார். மகள் வெளியூரில். நாளுக்கு ஒரு தேர்வு, அதில் ஒரு தேர்ச்சி. அவருக்கு அது போதுமாக இருந்தது.

மச்சானின் முறை வந்தபோது மேலாளர் பட்டியலை அவன் பக்கம் நகர்த்தினார். இனிச் சரக்கை அனுப்பும் அதிகாரம் மேலாளரிடம் மட்டும். மச்சான் என்ன வேண்டும் என்பதைப் பதிவு செய்தால் போதும். ‘அனுப்பு’ பொத்தானும், எது எப்போது போனது என்று காட்டும் பக்கமும் அவர் திரையிலிருந்து போகவேண்டும்.

"அவர் உங்க சொந்தக்காரர்னு தெரியும்," என்றார் மேலாளர். "நான் சொல்லணும்னா நானே சொல்றேன்."

"வேண்டாம் மேடம். நானே சொல்லிடறேன்."

முதலில் அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொன்னான். மச்சான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பார்க்கிறது கூடவா? பார்த்தா தேஞ்சு போயிடுமா?"

"தணிக்கைக்காரங்க அப்படித்தான் சொல்லியிருக்காங்க மச்சான்."

"சரி, எடுங்க. உங்களை என்ன சொல்றது. சொன்னதைச் செய்யறீங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைக் காட்டினார். "இந்தா, இந்தப் பொத்தான் இருக்கிற வரைக்கும் நான் இங்க ஒரு ஆளு. மத்ததெல்லாம் எவனாவது மூட்டை கட்டிக்கிட்டுப் போகட்டும்."

அடுத்து அந்தப் பொத்தானைப் பற்றித்தான் அவன் சொல்லவேண்டும். போன் அடித்தது. மச்சான் எடுத்தார், கேட்டார், பொத்தானை அழுத்தினார்.

"போயாச்சு."

அவன் வாயைத் திறக்காமல் எழுந்து வந்துவிட்டான்.

அன்று சாயங்காலம் அதிகாரத்தை எடுத்தான். பொத்தானை எடுக்கவில்லை. அதே இடத்தில், அதே நிறத்தில் ஒரு வெறும் பொத்தானை வைத்தான். அழுத்தினால் ‘அனுப்பப்பட்டது’ என்று வரும், அவ்வளவுதான். பின்னால் ஒன்றும் கிடையாது. சட்டையில் அழகுக்குத் தைத்த பை மாதிரி. கை நுழையாது, பார்த்தால் தெரியாது. ஆட்கள் போன பிறகு அவனே மச்சானின் நாற்காலியில் உட்கார்ந்து அழுத்திப் பார்த்தான். எழுத்துகள் வந்தன. திருப்தியாகத்தான் இருந்தது.

பதிவான சரக்கையெல்லாம் மேலாளர் மணிக்கு ஒருமுறை அனுப்பிவிடுவார். மச்சான் அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் சரக்கு போகத்தான் போகிறது. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குள் கேட்டுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவார், பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பார்த்துவிட்டுத் தானே சாமான் வாங்கி வந்து சரிசெய்தார். "உன் புருஷன் ஊர்ல உள்ள கம்ப்யூட்டரை எல்லாம் பூட்டுவாரு. ஒரு குழாயை மூடத் தெரியாது" என்று தங்கையிடம் சொல்லிச் சிரித்தார். கை ஈரத்தோடு சிரிக்கிற மனிதரிடம் என்ன சொல்வது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். அதற்கடுத்த வாரமும் அப்படியே போயிற்று. பிறகு சொல்லவேண்டும் என்ற நினைப்பே மங்கிவிட்டது. போனில் மச்சான் போயாச்சு என்று சொல்வது, சுவர்க் கடிகாரத்தின் சத்தம் மாதிரி, காதில் விழுந்தும் விழாததாக ஆயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை. மேலாளரின் குழந்தைக்குப் பள்ளியில் காய்ச்சல் என்று போன் வந்தது. கைப்பையைக்கூட ஒழுங்காக மூடாமல் மதியமே கிளம்பினார். மாலையில், ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். வடிகட்டி தீரப் போகிறது, சனி ஞாயிறு தாங்காது என்றாள். மச்சான் அதைப் பதிவு செய்தார். பொத்தானை அழுத்தினார். ‘அனுப்பப்பட்டது.’

"போயாச்சும்மா. காலையில வண்டி வந்துடும்."

கீழே சீட்டு அச்சாகவில்லை. கிடங்கில் விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பினார்கள். அவனும்தான் கிளம்பினான்.

திங்கட்கிழமை காலை அவன் படியேறும்போதே மேலே நிசப்தமாக இருந்தது. கணக்கு அக்கா அவனைப் பார்த்துக் கையால் வாயை மூடிக் காட்டினார். வண்டி போகவில்லை. இருந்த வடிகட்டிகள் சனிக்கிழமையே தீர்ந்துவிட்டன. அவசரத்துக்கு வேறெங்கோ கடன் வாங்கிச் சிலருக்கு மட்டும் செய்திருக்கிறார்கள். மற்றவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதில் ஒருவர், பஸ் டிரைவர், வீட்டில் மூச்சு முட்டி விழுந்து, இப்போது தீவிர சிகிச்சையில் இருக்கிறார். மேலாளர் நேரே மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்.

மச்சான் தன் மூலையில் இல்லை. கீழே கிடங்குக்குப் போய், சீட்டு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவன் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். பிற்பாடு, அந்த நேரத்தில் எதையும் யோசிக்கவில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டான். அது உண்மையில்லை. முதலில் மச்சானின் திரையிலிருந்து பொத்தானை எடுத்தான். பிறகு ‘அனுப்பப்பட்டது’ என்று வரும் செய்தியை. பிறகு, தான் எடுத்ததற்கான சுவட்டை. யோசிக்காதவனுக்கு அந்த வரிசை வராது.

மேலாளர் வந்ததும் மச்சானைக் கூப்பிட்டார். அவனையும் கூப்பிட்டார். மேலாளருக்கு முகம் வெளுத்திருந்தது. கோபப்படவில்லை.

"வெள்ளிக்கிழமை நான் பாதியில போனது என் தப்பு. அதை நான் மேல சொல்லிக்கிறேன். ஆனா நீங்க அந்த நர்ஸ்கிட்ட போயாச்சுன்னு சொல்லியிருக்கீங்க. எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா வீட்டுலேர்ந்தே அனுப்பியிருப்பேன். ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அனுப்பினேன் மேடம். அதான் சொன்னேன்."

"எப்படி அனுப்பினீங்க?"

"எப்பவும் போலத்தான். பொத்தானை அமுக்கினேன். அனுப்பப்பட்டதுன்னு வந்துச்சு. கண்ணால பார்த்தேன்."

மேலாளர் அவனைப் பார்த்தார். திரும்பவும் மச்சானைப் பார்த்தார்.

"அந்தப் பொத்தான் உங்க திரையில இல்லையே. எடுத்து ரெண்டு மாசமாச்சு."

மச்சான் சிரித்தார். யாரோ கேலி பேசுகிறார்கள் என்று நினைத்தவர் போல. "வாங்க மேடம், காட்டறேன்" என்று எழுந்தார்.

மூவரும் மூலைக்குப் போனார்கள். மச்சான் நின்றபடியே மவுஸைப் பிடித்தார். மெனுவைத் திறந்தார். அவருடைய விரல் பழகிய இடத்துக்குப் போய் நின்றது. அங்கே ஒன்றுமில்லை. மெனுவை மூடினார். மறுபடியும் திறந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் திறந்தார்.

"இங்க இருந்துச்சு," என்றார்.

அலுவலகம் முழுக்கத் தட்டச்சுச் சத்தம் நின்றிருந்தது.

மேலாளர் மெதுவாக அவனிடம் கேட்டார். "எடுக்கறதுக்கு முன்னாடி நீங்க இவர்கிட்ட சொன்னீங்கல்ல?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அதோடு எல்லாம் முடிந்திருக்கும். வேலை போயிருக்கும். தீவிர சிகிச்சையில் இருப்பவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதற்குமேலும் என்னென்னவோ. அவன் மேசை விளிம்பைப் பார்த்தான். பிசிர் எழுந்திருந்தது.

"சொன்னேன்."

மச்சான் திரும்பினார். அவர் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. ஒரு விவரத்தைக் கேட்கிற பார்வைதான்.

"சொன்னீங்களா மாப்ள?"

"சொன்னேன் மச்சான். அந்தப் பக்கத்தை எடுக்கிறதைச் சொன்னப்பவே."

"அது ஞாபகம் இருக்கு. தேஞ்சு போயிடுமான்னு கேட்டேன்." நெற்றியைத் தேய்த்தார். "இதையும் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

மச்சான் நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்போ ரெண்டு மாசமா நான் எதை அமுக்கிக்கிட்டு இருந்தேன்?" என்றார். கேள்வி யாரையும் நோக்கி இல்லை.

அன்று மதியம் அவர் டப்பாவைத் திறக்கவில்லை. கேளுங்க மாப்ள என்று சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை.

வேலையை விட்டுப் போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மேலாளர், கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்றார். மச்சான்தான் கேட்கவில்லை. "ஒரு ஆளைப் படுக்கையில தள்ளிட்டேன் மேடம். இன்னொருத்தரைத் தள்ளறதுக்கு முன்னாடி போயிடறேன்." மூலையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலையும் குடையையும் எடுத்துக்கொண்டு போனார். குடையை வாசலில் மறந்துவிட்டுத் திரும்பி வந்தார். எல்லோரும் எப்போதாவது மறக்கிற குடைதான். கணக்கு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பஸ் டிரைவர் பிழைத்துக்கொண்டார். சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள், பிறகு வீட்டுக்கும் போய்விட்டார் என்று செய்தி வந்தது. இனிச் சொல்லலாம் என்று அவன் நினைத்தான். சொல்லவில்லை. இதுவரைக்கும் அந்த மனிதரின் உயிர் அவன் வாயை அடைத்திருந்தது என்று நம்பியிருந்தான். அது விலகிய பிறகும் வாய் திறக்கவில்லை.

தங்கை கூட்டிப் போன டாக்டர், மறதியைச் சோதிக்க மச்சானிடம் மூன்று வார்த்தைகளைச் சொல்லி, சிறிது நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். மூன்றையும் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தார். ஒன்றும் இல்லை, மனக்கவலைதான் என்று தூங்க மாத்திரை கொடுத்தார்கள். மச்சான் வெளியே வந்ததும் தங்கையிடம் சொன்னார்: "அப்பாவுக்கும் முதல்ல இப்படித்தான் சொன்னாங்க."

மாத்திரையில் பகலெல்லாம் தூங்கினார். தூங்கி எழுந்தவருக்குக் கிழமை குழம்பியது. குழம்பியதைக் கண்டு பயந்தார். பயத்தில் இரவில் தூக்கம் போயிற்று. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார்.

தங்கை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். முதலில் ஸ்கூட்டர் சாவி. "நீங்க எங்கயாவது வழி தெரியாம நின்னா நான் எங்க போய்த் தேடுவேன்?" மச்சானே கழற்றிக் கொடுத்தார். பிறகு கேஸ் அடுப்பு. அவள் இரண்டு வேளையும் சாப்பாடு கொண்டு போனாள். பிறகு வாசல் கதவின் உள்தாழ்ப்பாள். அது இருந்த இடத்தில் நாலு துளை மட்டும் இருந்தது. அவன் போகும்போதெல்லாம் பார்வை அந்தத் துளைகளுக்கே போனது.

ஒரு சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அவன் மனைவி சொன்னாள்: "அண்ணன் போனை நாளைக்குக் கொஞ்சம் பாருங்க. பேங்க், கடை, அது இதுன்னு என்னென்னவோ இருக்கு. எதையாவது அமுக்கி வச்சிடுவாரோன்னு வயித்துல நெருப்பா இருக்கு. பேசறதுக்கு மட்டும் விட்டுட்டு எல்லாத்தையும் எடுத்துடுங்க."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"என்ன, காதுல விழுதா? உங்க வேலைதானே இது."

"விழுது."

மறுநாள் காலையில் மனைவி குளிக்கப் போனபோது அவன் தன் லேப்டாப்பைத் திறந்தான். பொத்தானைப் புதிதாகச் செய்தான். அதே இடம், அதே நிறம், அதே எழுத்து. கை மறக்கவில்லை. மதியம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மச்சான் வீட்டுக்குத் தனியாகப் போனான்.

கதவு திறந்துதான் இருந்தது. பூட்ட வழியில்லை. அடுப்பிருந்த மேடைக்கு மேலே, மச்சானின் குண்டுக் கையெழுத்தில், ‘அணைத்தாயா?’ என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அடுப்பு போன பிறகும் தாள் இருந்தது. மச்சான் மேசையருகே உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து நாளாகியிருந்தது.

"வாங்க மாப்ள. என்ன, ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸைத் தோள்ல போட்டுக்கிட்டு?" சொல்லிவிட்டு, "ஞாயிற்றுக்கிழமைதானே?" என்றார்.

"ஆமா மச்சான்." அவன் உட்கார்ந்தான். தண்ணீர் கேட்கலாமா என்று நினைத்தான். கேட்கவில்லை. "உங்களுக்கு ஒண்ணும் இல்ல. உங்க மூளை நல்லாத்தான் இருக்கு. அந்தப் பொத்தான் இருந்துச்சு. நான்தான் வச்சேன்."

மச்சான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் எல்லாவற்றையும் சொன்னான். அதிகாரத்தை எடுத்தது, சொல்ல வாய் வராதது, வெறும் பொத்தான், திங்கட்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு அழித்தது, மேலாளர் முன்னால் பொய் சொன்னது. சொல்லிக்கொண்டு போகும்போது, தன் காதுக்கே அது ஜோடித்த கதை மாதிரி கேட்டது. லேப்டாப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பினான்.

"அமுக்கிப் பாருங்க."

மச்சான் அழுத்தினார். ‘அனுப்பப்பட்டது.’

அந்த எழுத்துகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு லேப்டாப்பின் விளிம்பைத் தடவினார்.

"அச்சு அசலா இருக்கு. எப்ப செஞ்சீங்க?"

"காலையில. ஆனா இதே மாதிரிதான் அப்பவும்…"

"காலையில," என்றார் மச்சான். "எனக்காக உக்காந்து செஞ்சிருக்கீங்க."

"மச்சான், நான் சொல்றது நிஜம்."

"தங்கச்சி ராத்திரியெல்லாம் அழறாளா?"

"அவளுக்கு இது எதுவும் தெரியாது. சத்தியமா நான்தான்."

"மாப்ள," என்றார் மச்சான். குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். "எங்க அப்பா வீட்டு வழி தெரியாம நின்னப்ப, நானும் இப்படித்தான் சொன்னேன். ‘ரோட்டை மாத்திட்டாங்கப்பா, உங்க மேல தப்பில்ல’ன்னு. அவருக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? அந்த ரோட்டை எவனும் மாத்தல."

அவன் லேப்டாப்பை மூடினான். கடைசியில், "பெரிய அளவு கையுறை, பவுடர் போட்டது" என்றான்.

மச்சான் உடனே எண்ணைச் சொன்னார்.

"பாருங்க. சரியாச் சொல்றீங்க."

"நீங்க சரின்னு சொல்றீங்க. அது சரிதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வெளியே தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"நாளைக்கு மேடம்கிட்டயே சொல்றேன்," என்றான். "அவங்க வந்து சொன்னா நம்புவீங்கல்ல?"

மச்சானின் முகம் முதல் தடவையாக இறுகியது. "வாயைத் திறக்கக்கூடாது. எனக்கு ஆறுதல் சொல்றதுக்கு உங்க வேலையை விடுவீங்களா? அப்புறம் என் தங்கச்சி எங்க போய் நிப்பா? நம்ம வீட்டுல ஒரு ஆளு உருப்படியா இருக்கிறது போதும். நான் சொல்றது கேக்குதா?"

கேட்டது. அது கேட்ட மறுகணம் அவன் தோளிலிருந்து என்னவோ இறங்கியது. இறங்கியது என்னவென்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான்.

"கேக்குது," என்றான்.

மச்சான் எழுந்து அலமாரியிலிருந்து தன் போனைக் கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தார். "தங்கச்சி சொன்னா, நீங்க ஏதோ செய்யணும்னு. செஞ்சிடுங்க."

அவன் போனைக் கையில் எடுத்தான். மச்சான் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு பார்த்தார். அவன் ஒவ்வொன்றையும் எடுப்பதற்கு முன்னால் பெயரைச் சொன்னான். பேங்க். கடை. வழிகாட்டும் வரைபடம். மச்சான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். வானிலை வந்தபோது மட்டும், "அது இருக்கட்டுமே" என்றார். பிறகு, "சரி, எடுங்க. மழை வந்தா தெரியத்தான் போகுது" என்றார்.

கடைசியில் திரையில் ஒரே ஒரு பச்சைக் கட்டம் மிஞ்சியது. பேசுவதற்கு.

மச்சான் போனை வாங்கினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அந்தக் கட்டத்தைப் பார்த்தார்.

"இது வேலை செய்யுமா மாப்ள?"

"செய்யும் மச்சான்."

"அமுக்கினா நிஜமாவே போகுமா?"

"போகும்."

மச்சான் விரலை வைத்தார். ஒரு பெயரைத் தேடி அழுத்திக் காதில் வைத்துக்கொண்டார். அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுக்கச் சொல்லிக் கையால் காட்டினார். அவன் எடுத்துக் காதில் வைத்தான். இருவரும் முழங்கால் இடிக்கிற நெருக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"கேக்குதா?" என்றார் மச்சான், போனில்.

"கேக்குது."

மச்சான் போனை வைக்கவில்லை. அவன் உதட்டையே பார்த்துக்கொண்டு, இன்னொரு தரம் கேட்டார்.

"கேக்குதா மாப்ள?"